மிளகுக்கு ஒரு மட்டை

மார்ச் 4

சின்னவளே,

நலமா என்று கேட்டால் ‘இப்போதான் ஞாபகம் வந்துச்சா அண்ணி’ என்பாய். அதனால் கேட்கவில்லை. போனிலும் பேசப்போவதில்லை. போன வாரம் நாம் பேசிய பேச்சில் என் காது இன்னும் ஆறவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடவில்லை, வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தேன். காகிதத்தில் குரலை உயர்த்த முடியாது பார், இனி நமக்கு இதுதான் சரி.

முதலில் உன் மகள். பந்து பட்டுக் கிழிந்த உதட்டில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்கள். வலது கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது, மஞ்சளாக ஒரு தடம் மட்டும் பாக்கி. பல் எதுவும் ஆடவில்லை என்று பல் டாக்டர் தட்டித் தட்டிப் பார்த்துச் சொன்னார். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், உன் அண்ணனோடு நன்றாகச் சண்டை போடுகிறாள். கவலைப்பட ஒன்றுமில்லை என்று இத்தோடு முடிக்கத்தான் ஆசை. ஆனால் ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் நாளைக்கு நீ என்னைச் சும்மா விடமாட்டாய்.

பேஸ்பால் மட்டையைப் பிடித்து நிற்கிறாள். பந்து பாதி வழி வருவதற்குள் அவள் கால் பின்னால் போய்விடுகிறது. “நான் நகத்தல அத்தை, அதுவா போகுது” என்கிறாள். நேற்று மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகலாமா என்றால் வரமாட்டாளாம். ஆடவும் மாட்டாள், மைதானத்தை விட்டுக் கிளம்பவும் மாட்டாள். மிளகு என்று நாம் பெயர் வைத்த பிள்ளையா இது என்று இருந்தது. இந்த அணியில் நான் பார்த்தவரை இவ்வளவு அழகாக மட்டை வீசுகிற பிள்ளை வேறு இல்லை. நாத்தனார் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. உன் மேல் இருக்கிற கோபத்துக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

ஜூனில் பள்ளி விடுமுறை விட்டதும் அவளை அழைத்துக்கொண்டு போகிறேன், இனி பேஸ்பாலே வேண்டாம் என்று சொன்னாய். அவள் உன் பெண். வேலைக்காக நீ அந்த ஒற்றை அறைக்குப் போனபோது ஒரு வருஷம் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் விட்டாய், நான் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் பயந்தது பயந்தபடியே அவளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

கேட்க வந்ததைக் கேட்கிறேன். பிள்ளைகள் மட்டை வீசிப் பழக ஏதாவது சாமான் வாங்கலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. என்ன வாங்குவது என்பதில் ஆளுக்கு ஒரு திசை. மருந்துக்கடைக்காரர் பந்து எறியும் மெஷின்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். ஒட்டகத்தின் அம்மா (ஒட்டகம் எங்கள் உயரமான பையன், அவனே வைத்துக்கொண்ட பெயர்) இடுப்பில் கட்டும் ஏதோ ரப்பர் வாரைப் படத்தில் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். நான் காலையில் பெரியவர்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அதே மைதானத்தில் அதே கூம்புகளை வைத்து இந்தப் பிள்ளைகளை மேய்க்கிறவள். எனக்குக் கிளட்ச் தெரியும், சாமான் தெரியாது. நீ விளையாட்டுச் சாமான் கடையில், அதுவும் வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவரும் மேஜையில் இருக்கிறாய். எது உழைக்கும், எது பரணுக்குப் போகும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

பயத்துக்கும் ஏதாவது சாமான் இருக்கிறதா, சொல்.

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. என் கோபம் இன்னும் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சாமான் பற்றிக் கேட்டால் எனக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, அது உங்களுக்கும் தெரியும்.

மெஷின் வேண்டாம். திரும்பி வருவதிலேயே அதைக் கொண்டுவருகிறவர்கள்தான் அதிகமாக நெளிவார்கள். “நல்லாத்தாங்க இருக்கு, பசங்கதான்...” என்று இழுப்பார்கள். எறிகிறவரின் கை தெரியாது, தோள் தெரியாது, ஓட்டையிலிருந்து திடீரென்று பந்து பாயும். வளர்ந்த ஆட்டக்காரர்களுக்குச் சரி. ஏற்கெனவே அடிபட்ட பிள்ளையை அதன் முன்னால் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ரப்பர் வார், பெட்டி வாசம் போவதற்குள் திரும்பி வந்துவிடும். கட்டியதை அவிழ்க்கத் தெரியாமல் கத்தரியால் வெட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. எடை கூட்டிய மட்டையை யாராவது சொன்னால் அதற்கும் தலையாட்டாதீர்கள். இந்த வயதில் கனத்தைத் தூக்க உடம்பை வளைத்துப் பழகிவிட்டால், லேசான மட்டையைக் கொடுத்தாலும் அந்த வளைவு போகாது.

பந்தை மேலே வைத்து அடிக்கும் ஸ்டாண்டு வாங்குங்கள். அது திரும்பி வந்தால் உச்சி ரப்பர் கிழிந்துதான் வரும். கிழியும் அளவுக்கு அடித்திருக்கிறார்கள், அதைவிடச் சான்றிதழ் வேண்டாம். அடிப்பாகத்தைக் காலால் தள்ளிப் பாருங்கள், சுலபமாக நகரக்கூடாது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு பிள்ளைகளின் கைக்கே சுழல வேண்டும். பெரியவர்கள் வந்துதான் திருக வேண்டும் என்றால், ஒட்டகத்தில் ஆரம்பித்து மிளகு வரை எல்லோரும் ஒரே உயரத்தில் அடித்துக்கொண்டிருப்பார்கள். கூடவே ஒரு வலை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்துகள். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

பயத்துக்கு எங்கள் கடையில் சாமான் இல்லை. இருந்தால் எனக்கு ஒன்று வாங்கியிருப்பேன்.

மிளகுக்குத் தனிப் பார்சலில் ஒரு மட்டை அனுப்பியிருக்கிறேன். குட்டை மட்டை, எடை குறைவு. பிடியில் விரல்களுக்குப் பள்ளம் வைத்து வார்த்திருக்கிறார்கள். இடது கை கீழே, வலது கை மேலே, பள்ளத்தில் விரலை வைத்துவிட்டால் தப்பாகப் பிடிக்கவே முடியாது. கை உறுதியானால் காலும் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. கடையில் இருந்த எல்லா மட்டையையும் பிடித்துப் பார்த்து, இருந்தவற்றில் மிகச் சிறந்ததை எடுத்தேன்.

ஜூனில் நான் வருவது வருவதுதான். ஆனால் பயம் அவளோடு வர வேண்டாம்.

சின்னவள்


மார்ச் 29

சின்னவளே,

உன் கண்ணுக்குச் சுற்றித்தான் போட வேண்டும். ஸ்டாண்டு வந்த அன்றே பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். நீ சொன்னபடி காலால் தள்ளிப் பார்த்து, திருகைச் சுழற்றிப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்போது ஒவ்வொரு பிள்ளையும் தன் உயரத்துக்குத் தானே திருகிக்கொள்கிறது. முன்பெல்லாம் நான்தான் ஓடி ஓடி எல்லாம் செய்வேன். இப்போது வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். “எங்க வீட்டு நாத்தனார் சொன்னா, அவ சொன்னா சரியா இருக்கும்” என்றேன். அப்புறம் அவர் மகனே ஸ்டாண்டை விட்டு நகராததைப் பார்த்து, வலையைக் கட்ட அவர்தான் ஏணியோடு வந்தார். கயிறு முடிச்செல்லாம் அவர் போட்டதுதான், இன்னும் அவிழவில்லை.

மிளகும் ஸ்டாண்டில் அடிக்கிறாள். நிற்கிற பந்தை அடிக்க அவளுக்கு ஒரு பயமும் இல்லை, வலை அதிர்கிறது. அதே பந்தை நான் கையில் எடுத்து மெதுவாக எறிந்தால் போதும், கால் போய்விடுகிறது.

நீ அனுப்பிய மட்டையைப் பெட்டியைப் பிரித்ததும் மார்போடு கட்டிக்கொண்டாள். தூங்கும்போதும் பக்கத்தில்தான் வைத்துக்கொள்கிறாள். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், ஒரு மாணவர் காத்திருக்கிறார். இவருக்கு இடது பக்கம் திரும்பு என்றால் வைப்பர்தான் ஆடும்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

மட்டையைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். எதையும் அப்புறம் என்று தள்ளிவைக்கிற ஆள் நீங்கள் இல்லை. எனக்கு அப்போதே உறுத்தியது. இன்றைக்குக் காரணம் புரிந்தது.

ஒரு அம்மா வந்தார். ஹெல்மெட்டில் மாட்டுகிற கன்னத் தகட்டை மாற்றித் தர வேண்டுமாம். “தப்பான பக்கம் குடுத்துட்டீங்க, என் பையன் இடது கை ஆட்டம்.” பந்து எறிகிறவருக்கு எந்தக் கன்னம் தெரிகிறதோ அந்தப் பக்கம்தான் தகடு. வலது கை ஆட்டத்துக்கு இடது கன்னம், இடது கை ஆட்டத்துக்கு வலது கன்னம். மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். சரி, மிளகுக்கும் ஒன்று எடுத்து வைப்போம் என்று இடது கன்னத் தகட்டைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. வலது கன்னத்து வீக்கம் என்றல்லவா நீங்கள் எழுதியிருந்தீர்கள்?

அவள் எழுதுவது வலது கை. சாப்பிடுவது வலது கை. சின்ன வயதில் கோபம் வந்து என் மேல் செருப்பை வீசியதும் வலது கைதான். அதனால் ஆடுவதும் வலது கை என்று நானே முடிவு செய்துகொண்டேன். யார் மட்டை கேட்டு வந்தாலும் ‘எந்தக் கை’ என்பதுதான் என் வாயில் முதலில் வருகிற கேள்வி. தெரியாதவர்கள் பிள்ளைக்கெல்லாம் கேட்டேன், என் பிள்ளைக்குக் கேட்கவில்லை. இந்த வருஷம் முழுக்க அவள் ஆடி ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை அண்ணி. ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம், ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் மேட்ச்.

அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள்? உள்ளதை எழுதுங்கள். என் மனசு நோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டாம்.

சின்னவள்


ஏப்ரல் 10

சின்னவளே,

இடது கைதான். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

இதில் முதல் தப்பு என்னுடையது. மற்றப் பிள்ளைகள் மைதானத்தில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். மிளகு வந்த புதிதில் பிள்ளைகளோடு சேரக் கூச்சப்பட்டாள். நம் வீட்டுப் பின்வாசலில், துணி காயப்போடும் கொடிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் நின்றுதான் ஆரம்பித்தோம். நான் செய்வதைக் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி அப்படியே செய்தாள். நான் வலது கை, அவள் இடது கை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் எப்போதும் பக்கத்தில் உட்காருகிறவள் அல்லவா, எதிரே நின்றால் எல்லாம் திரும்பிவிடும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. எட்டியபோது அவள் ஆட ஆரம்பித்திருந்தாள். மாற்றச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் ஒன்று அடித்தாள். பந்து மைதானத்தைத் தாண்டி இருக்கிற கிடங்குச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

இப்போது மட்டை விஷயம். அதன் பள்ளத்தில் அவள் விரல் உட்காரவில்லை. உன்னிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்றேன். ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டாள். “அம்மா எல்லாத்தையும் புடிச்சுப் பாத்து எடுத்திருக்காங்க அத்தை. நான் அந்தப் பக்கம் மாறிக்கிறேன்” என்றாள். மாறியும்விட்டாள். பள்ளிவிட்டு வந்ததும் பின்வாசலுக்குப் போய், உன் மட்டையைப் பிடித்து, வலது கைக்காரி மாதிரி நின்று, காற்றில் வீசிக்கொண்டிருக்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. அந்த அழகான வீச்சு எங்கே போனதென்றே தெரியவில்லை. உள்ளங்கை கொப்பளித்திருக்கிறது, வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறாள். உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கினாள். இதோ, அதையும் மீறிவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இத்தனை சின்ன உடம்புக்குள் அம்மா மேல் இவ்வளவு விசுவாசம் எங்கே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நான் பெரியவர்களிடம்கூட இப்படிப் பார்த்ததில்லை. ஆனால் இந்த விசுவாசத்தில் அவள் ஆட்டம் கெட்டுக்கொண்டிருக்கிறது. நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீதான் சொல்ல வேண்டும்.

அண்ணி


ஏப்ரல் 16

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மேஜைக்கு அடியில் வைத்துப் படித்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டே ஒருவருக்கு ரசீது கொடுத்தேன். ஜலதோஷமா என்று கேட்டார்.

மிளகுக்குத் தனியாக ஒரு சீட்டு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மட்டையை நான்தான் தப்பாக எடுத்தேன், கேட்காமல் எடுத்தேன், பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பு, நீ நிற்கிற பக்கம்தான் சரியான பக்கம் என்று எழுதியிருக்கிறேன். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. சரியாக எழுதியிருக்கிறேனா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

உங்களிடமும் ஒன்று பாக்கி. ‘உங்க சொந்தப் பிள்ளையா இருந்தா அங்க நிக்க விட்டிருப்பீங்களா’ என்று போனில் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன், ஆனால் கேட்டுவிட்டேன். நீங்கள் அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் சொன்னீர்கள். ஒருமுறை பயன்படுத்திய சாமானைத் திரும்ப எடுக்கக்கூடாது என்பது எங்கள் மேஜை விதி. இதை மட்டும் விதியை மீறித் திரும்பத் தந்துவிடுங்கள் அண்ணி. அவள் கன்னம் வீங்கியதை என்னிடம் மறைக்காமல் சொன்னவர் நீங்கள். எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்த நாளிலிருந்து யாரிடமும் எதையும் பூசி மெழுகியதில்லை. அதைப் பார்த்துத்தான் என் பெண்ணை உங்களிடம் விட்டேன். அதைக் கோபத்தில் மறந்துபோனேன்.

இந்தப் பார்சலில் மட்டை இல்லை. ஒரு பை ஓட்டைப் பந்து இருக்கிறது. ஒருவர் வெள்ளை மட்டும்தான் வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தது, உள்ளே நாலைந்து கலர் கலந்திருக்கும். எங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். மிளகை அவள் பக்கத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். மட்டை கொடுக்காதீர்கள். நீங்கள் கிட்டத்தில் உட்கார்ந்து, கையை நன்றாகக் காட்டி, மெதுவாக எறியுங்கள். அவள் அடிக்க வேண்டாம், பிடிக்க வேண்டாம். பந்தின் கலரை மட்டும் கத்திச் சொல்லட்டும். பயப்படாதே என்று ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். எங்களிடம் வாங்கும் ஒரு பயிற்சியாளர் தன் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்வதாக ஒருமுறை சொன்னார். மிளகுக்குப் பலிக்குமா என்று எனக்குத் தெரியாது. இந்த முறை தெரிந்த மாதிரி நடிக்கவில்லை.

சின்னவள்


மே 5

சின்னவளே,

கேள்.

முதல் பந்தை எறிந்தேன். “கறுப்பு!” என்று கத்தினாள். பையில் கறுப்பே கிடையாது. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். நான் சிரிக்க ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பந்து கன்னத்தில் பட்ட நாளிலிருந்து, வருகிற ஒவ்வொரு பந்தும் இந்தப் பிள்ளைக்குக் கறுப்பாகத்தான் வந்திருக்கிறது. நான் பாட்டுக்கு இத்தனை நாளும் காலைப் பார், காலைப் பார் என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் கண்ணை ஒருநாளும் பார்க்கவில்லை.

நீ சொன்னபடி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்ததை எடுத்தேன், எறிந்தேன். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. மறுநாள் ஒரு தடவை “பச்சை... இல்ல, நீலம்” என்றாள். நீலம்தான். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது, வாளிமேல் உட்கார்ந்திருந்ததால் குதிக்கவில்லை. அப்புறம் ஒரு வாரத்தில் என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். “இன்னும் வேகமா போடுங்க அத்தை, தூக்கம் வருது.” கால் நின்ற இடத்தில் நிற்கிறது. அவளுக்கே அது தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு நாள் தானாகப் போய் அணியின் பழைய மட்டையை எடுத்து வந்தாள். சிவப்பு வந்தால் மட்டும் அடி என்றேன். சிவப்பு வந்தது. வலையில் மருந்துக்கடைக்காரர் போட்ட முடிச்சு ஒன்று அவிழ்ந்துவிட்டது.

இப்போது எல்லாப் பிள்ளைகளும் கலர் கத்துகிறார்கள். ரேடியோ என்று ஒருத்தி இருக்கிறாளே, ஓயாமல் பேசுகிறவள், அவள் கத்துவது பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் உன்னைச் சொல்லியாயிற்று. நேரில் பார்க்காமல், ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒரு பிள்ளையின் கண்ணைத் திறந்திருக்கிறாய். உன் மூளைக்கு ஒரு கும்பிடு.

உன் சீட்டை நான் படிக்காமலேயே கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு மட்டையைத் தானே பெட்டியில் போட்டு, நாடா ஒட்டி, உன் விலாசத்தை எழுதினாள். அழவில்லை. கொஞ்ச நேரம் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

மே மூன்றாவது ஞாயிறு மேட்ச். உன் கடைக்கு அன்றைக்குக் கூட்டம் என்று தெரியும். தகவலுக்காக மட்டும் எழுதினேன்.

அண்ணி


மே 20

அண்ணிக்கு,

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடும்.

வருகிறேன் என்று சொல்லாமல் வந்ததற்குத் திட்டாதீர்கள். கடைசி நிமிஷம்வரை லீவு கிடைக்குமா என்று தெரியவில்லை. வேலிக்கு வெளியே, உங்கள் பயிற்சிக் கார் நிற்கிற இடத்தில் நின்றேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

என் மகள் நடந்து வந்தாள். என் மகள் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் நினைத்துவைத்திருந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம் போய் நின்றாள், மண்ணைக் காலால் தேய்த்தாள், மட்டையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அசையாமல் நின்றாள். அவ்வளவு அழகு அண்ணி. பொருளைப் பார்த்தே நாளைக் கழிக்கிற எனக்கு, சரியாகச் செய்த ஒன்றைப் பார்த்தால் உடனே தெரியும். அவளைப் பார்த்ததும் தெரிந்தது.

முதல் பந்து அவள் மார்பை உரசுவது மாதிரி வந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. அவள் இடுப்பை மட்டும் பின்னுக்கு வளைத்து அதைப் போகவிட்டாள். கால் அசையவில்லை. அடுத்ததை அடித்தாள், அது நேராக ஒரு பையன் கைக்கே போனது. அவுட். மைதானமே உச்சுக் கொட்டியபோது கைதட்டிய ஒரே ஆள் நான்தான். பக்கத்தில் நின்றவர் எதிரணியின் அம்மா போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். நான் காலுக்குக் கைதட்டினேன்.

உங்களையும் பார்த்தேன். தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில்கூட ஒரு பிள்ளையிடமும் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொருவர் வரும்போதும் எழுந்து நின்றீர்கள், ஒவ்வொருவருக்கும் வேறு ஏதோ சொன்னீர்கள். ஒட்டகத்திடம் ஏதோ சொல்ல அவன் சிரித்துக்கொண்டே போனான். நான் இந்தத் தொழிலில் எத்தனையோ பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன், பாதிப் பேர் என் மேஜையில் கத்திவிட்டுப் போனவர்கள். உங்களைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை. மேட்ச் முடிந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டபோது இதை நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜூனில் அழைத்துக்கொண்டு போகிறேன் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிவந்தேன். இப்போது கேட்கிறேன். இன்னும் ஒரு வருஷம் மிளகை வைத்துக்கொள்கிறீர்களா? என் அறையில் என்ன இருக்கிறது? ஒரு ஜன்னல், அதுவும் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்து. அங்கே அவளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். அவளை இப்படி நிற்கவைத்தவர் நீங்கள்தான். அதை நான் கலைக்கக்கூடாது.

சின்னவள்


மே 28

சின்னவளே,

முடியாது.

உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் அடுப்படியில் நின்றேன். அவ்வளவு சந்தோஷம். உன் அண்ணன் வந்து அடுப்பை அணைத்தார். அந்தச் சந்தோஷத்தோடு பதில் எழுதினால் சரி என்றுதான் எழுதியிருப்பேன். அதனால்தான் நாலைந்து நாள் ஆறப்போட்டேன்.

நீ பஸ் ஏறிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகளை வீட்டில் விட்டுக்கொண்டே வந்தோம். “எங்கம்மா வந்திருந்தாங்க, பாத்தியா?” என்று ரேடியோவிடம் கேட்டாள். ஒட்டகத்திடம் கேட்டாள். மருந்துக்கடைக்காரர் கடையை அடைத்துக்கொண்டிருந்தார், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவரிடமும் கேட்டாள். “நான் அவுட் ஆனப்போ எங்கம்மா கைதட்டினாங்க, உங்களுக்குக் கேட்டுச்சா?” இந்த வருஷம் முழுக்க அவள் எத்தனையோ அடி அடித்திருக்கிறாள். எல்லாம் என் கண் முன்னால்தான். ஒன்றைப் பற்றிக்கூட யாரிடமும் பெருமை பேசியதில்லை, நானே ஆச்சரியப்பட்டிருக்கிறேன். நீ பார்த்த ஒரே ஒரு அடியை, அவுட் ஆன அடியை, ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இன்னுமா சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றால், ஆமாம், இன்றைக்குக் காலையில் பால்காரரிடம்.

அதைக் கேட்ட பிறகு அவளை நான் வைத்துக்கொண்டால் அது நியாயமில்லை. வா, அழைத்துக்கொண்டு போ. ஜன்னல் எதைப் பார்த்து இருந்தால் என்ன, அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும் என்று உன் சூப்பர்வைசரிடம் கேள். கலர்ப் பந்துக்குக் கேட்ட வாய், இதற்கும் கேட்கும்.

உன் அறைக்குக் கிட்டத்திலேயே ஒரு பிள்ளைகள் அணி இருக்கிறது. விசாரித்துப் பிடித்தேன். தபால் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒருவர் நடத்துகிறார், போனில் பேசினேன். ஆள் முசுடு, ஆனால் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுகிறது. “வலது கையில எழுதற பொண்ணு, இடது கை ஆட்டமா? மாத்திடலாம்” என்றார். “மாத்துனீங்கன்னா நான் பஸ் ஏறி வந்துடுவேன்” என்றேன். மாற்ற மாட்டார். அவரிடம் மெஷின் இருக்கிறதாம், அதை என்ன செய்வது என்று உனக்குத் தெரியும், நீ பார்த்துக்கொள்.

எனக்கு வயிறு எரிகிறது, சின்னவளே. அதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் நான் என்னமோ பெரிய தியாகி மாதிரி ஆகிவிடுவேன். பின்வாசல் கொடியில் அவள் துணி காயாத வீட்டை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. உன் அண்ணன் இப்போதே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

பள்ளி விடுமுறை விட்டதும் வருகிற முதல் சனிக்கிழமை, காலை பஸ்ஸுக்கு வா. அணியின் அந்தப் பழைய மட்டையை அவளுக்கே கொடுத்துவிட்டேன், அவளே சுமந்து வருவாள், அவள் கையிலிருந்து நீ வாங்கப் போகாதே, பிடிக்காது. பஸ் நிலையத்துக்கு உன் அண்ணன் கொண்டுவந்து விடுவார். நான் வரமாட்டேன். அந்த நேரத்துக்கு ஒரு மாணவருக்கு ரிவர்ஸ் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை நான் யாருக்கும் வகுப்பு எடுப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். “சரி அத்தை” என்று மட்டும் சொன்னாள்.

அண்ணி